ரிம் இறக்கி வைத்த சுமைகள்

மலைச் சைக்கிளுக்கு ரிம் தேடுகிறவரின் கண் முதலில் போய் விழுவது எடையின் மேல்தான். பந்தயத்துக்கான கார்பன் ரிம் 400 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. காட்டுப் பாதைக்கான அலுமினிய ரிம் 500 கிராமை ஒட்டி நிற்கிறது. செங்குத்தான பாறை இறக்கங்களுக்கென்று செய்தது 600-ஐத் தாண்டுகிறது. வீட்டுத் தராசில் வைத்தே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய எண்கள் இவை. பலத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது. குறைந்தபட்சப் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 தரம் இருக்கிறது. எந்த மாதிரி ஓட்டத்துக்கு ஏற்றது என்று ஒன்று முதல் ஐந்து வரை வகை பிரிக்கும் ஏஎஸ்டிஎம் முறையும் இருக்கிறது. ஆனால் ஒரே வகைக்குள் வரும் இரண்டு ரிம்களில் எது எவ்வளவு அடி தாங்கும் என்று எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை. ஆளுக்கொரு சோதனை, ஆளுக்கொரு அளவு. கடைசியில் வாங்குகிறவர் கையில் மிஞ்சுவது கிராம் கணக்கு மட்டும்தான்.

எடையும் பலமும் தராசின் இரு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றிப்போனது. சக்கரத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ரிம் நல்ல முறையில் இளைத்த ஒவ்வொரு தடவையும், அது செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பங்கை வேறோர் உறுப்பு வாங்கிக்கொண்டிருக்கிறது. வேலை அப்படியே இருக்க, எடையை மட்டும் சுரண்டிய இடங்களில் ரிம் உடைந்திருக்கிறது. ஆகவே இன்று ரிம் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எத்தனை கிராம் என்பதாக இருக்கக் கூடாது. என் சைக்கிளில் இந்த ரிம் என்னென்ன வேலை செய்யப்போகிறது என்பதாக இருக்க வேண்டும்.

மாட்டுவண்டிச் சக்கரம் தன் அடியில் இருக்கும் ஆரக்கால்களின் மேல் நிற்கிறது. பாரம் முழுவதும் அச்சிலிருந்து கீழிறங்கி, அந்த நேரத்தில் தரையை நோக்கி இருக்கும் ஒன்றிரண்டு கால்களை அழுத்துகிறது. அதனால் அவை தடித்த மரமாக இருந்தே தீர வேண்டும். 1869-ல் பாரிஸில் யூஜின் மேயர் காப்புரிமை பெற்ற கம்பிச் சக்கரம் இந்த ஏற்பாட்டையே தலைகீழாக்கியது. மெல்லிய கம்பிகளை எல்லாத் திசையிலும் இழுத்துக் கட்டி, அந்த இழுவிசையிலேயே சக்கரத்தை நிற்கவைத்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் கம்பிச் சக்கரங்கள் கொண்ட ஏரியல் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். 1874-ல் ஸ்டார்லி கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கிடும்படி பின்னும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் எந்த மலைச் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தாலும் அந்தப் பின்னலைக் காணலாம்.

அன்று தொடங்கி ரிம்முக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. கம்பி ஒவ்வொன்றும் ரிம்மை உள்நோக்கி இழுக்கிறது. 32 கம்பிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 100 கிலோ இழுவை என்று வைத்துக்கொண்டால், ரிம்மின் உலோகத்துக்குள் எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய 500 கிலோ நெரிவு இருந்துகொண்டே இருக்கிறது. சைக்கிள் சுவரில் சாய்ந்து சும்மா நிற்கும்போதும் அரை டன் நெரிவு! ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் அடியில் இருக்கும் சில கம்பிகளின் இழுவை கொஞ்சம் தளர்கிறது. மேலே இருக்கும் கம்பிகளில் பெரிய மாற்றம் இல்லை. இதைக் கணக்கிட்டு, அளந்தும் காட்டிய பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட், 1981-ல் தன் சக்கர நூலில், கம்பிச் சக்கரமும் கீழ்க் கம்பிகளின் மேல்தான் நிற்கிறது என்று எழுதியபோது பலருக்கு அது ஏற்கவில்லை. முன்கூட்டியே இழுத்து வைத்த கம்பி தளர்வதும், மரக்கால் அழுந்துவதும் கணக்கில் ஒன்றே என்பதுதான் அவர் வாதம். அது சரியான வாதம்.

ரிம் வாங்குகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. ரிம்மைப் பாறை வந்து அடித்துத்தான் கெடுக்க வேண்டும் என்பதில்லை. மிக மெல்லிய ரிம், தன் கம்பிகளின் இழுவையையே தாங்காமல் எட்டு வடிவில் முறுக்கிக்கொண்டுவிடும். அதற்குப் பயந்து சக்கரம் கட்டுபவர் இழுவையைக் குறைத்துக் கட்டுவார். தளர்வான கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் தரைக்கு நேராக வரும்போது முழுவதும் தொய்ந்து, மறுபடி விறைக்கும். கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்கள் தாமாகவே கழலத் தொடங்கும். கம்பிகள் ஹப்பின் ஓட்டைக்கு அருகே வளைவில் களைத்து அறுந்துபோகும். அறுந்தது கம்பி என்பதால் குற்றம் கம்பியின் மேல் போகிறது. உண்மைக் காரணம் ரிம்மிலிருந்து சுரண்டி எடுத்த நாற்பது ஐம்பது கிராமாக இருக்கலாம்.

நல்ல சக்கரம் கட்டுபவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றிவிட்டு, கோட்டம் தெரியும் இடத்தில் நிறுத்துவார். நிப்பிள் சாவியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்புவார். நடுநடுவே விரல் நகத்தால் கம்பிகளைச் சுண்டிக் காது கொடுப்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டு கம்பிகளாகச் சேர்த்துப் பிடித்து உள்ளங்கை சிவக்க அழுத்துவார். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் டிக்டிக்கென்று அவிழும் சத்தம் கேட்கும். மறுபடி சுழற்றுவார். ரிம் நேராக இருந்தும் சுருதி சேரவில்லை என்றால், அந்த ரிம் வட்டமாகப் பிறக்கவில்லை, கம்பிகளால் வலுக்கட்டாயமாக வட்டமாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட சக்கரம் பாதையில் நெடுநாள் நேராக இருக்காது. ரிம்மின் தரத்தைச் சொல்வதில் தராசைவிட இந்தச் சோதனை மேல்.

1888-ல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு கல்லின் அடியையும் நேராக வாங்கிக்கொண்டிருந்த ரிம்முக்கு முதல் பெரிய விடுதலை அதுதான். அதிர்ச்சியைக் காற்று ஏற்றுக்கொண்டதும் ரிம் இளைக்க இடம் கிடைத்தது. அடுத்த பத்தாண்டில் அமெரிக்கச் சைக்கிள்களில் மர ரிம்கள் பெருகின. பந்தயக்காரர்கள் அவற்றை நெடுங்காலம் விடவில்லை. 1930-களில் பிரான்சின் மாவிக் நிறுவனம் டியூரலுமின் என்ற அலுமினியக் கலவையில் ரிம் செய்தபோது, அதை மரம்போல வண்ணம் பூசிப் பந்தயத்துக்கு அனுப்பியது. 1934 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஆன்டோனின் மாக்ன் அந்த ரிம்களில் ஓட்டி வென்றார். சாலைச் சைக்கிள்களில் அலுமினியத்தின் ஆட்சி அங்கே தொடங்குகிறது. ஆனால் அது சீரான சாலையும் ஒடுங்கிய டயரும் உள்ள உலகம்.

மலைச் சைக்கிள் பிறந்தது அந்த உலகத்தில் இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேற்கே, தீயணைப்பு வண்டிகள் போவதற்கென்று மலையில் வெட்டிய ஒரு மண்பாதை இருக்கிறது. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்தில் 400 மீட்டர் உயரத்தை இழந்து இறங்கும் பாதை. 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் அங்கே ஒருவர் பின் ஒருவராக, நேரம் குறித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் ஓட்டியவை 1930-களிலும் 40-களிலும் சிறுவர்களுக்கென்று விற்கப்பட்ட பழைய சுவின் சைக்கிள்கள். பலூன் டயர், தடித்த எஃகு ரிம், மொத்தம் 20 கிலோ அளவில் எடை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின் ஹப்புக்குள் இருந்தது. ஒரே ஓர் இறக்கத்தில் அந்த ஹப் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் முழுவதும் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதையே பந்தயத்துக்குப் பெயராக வைத்து ரீபேக் என்றார்கள். சார்லி கெல்லி ஒழுங்குபடுத்திய இந்தப் பந்தயத்தில் கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடியை யாரும் முறியடிக்கவில்லை. ஜோ பிரீஸ் அதற்கு இரண்டு விநாடி பின்னால்.

அந்த எஃகு ரிம்களை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. அவை மலையை ஏற மறுத்தன. கனத்தால் காலைப் பிடித்து இழுத்தன. ரிம் பிரேக் மாட்டியிருந்தாலும், மழையில் நனைந்துவிட்டால் வழவழப்பான எஃகின் மேல் ரப்பர்க் கட்டை பிடிக்கவே பிடிக்காது. ஆனால் இறக்கத்தில் அவை செய்ய வேண்டியதைச் செய்தன. சிறுவர்கள் நடைபாதைக் கல்லில் ஏற்றி இறக்கினாலும் வளையக் கூடாது என்று சுவின் நிறுவனம் 1933-ல் பலூன் டயரோடு சேர்த்துக் கொண்டுவந்த ஏற்பாடு அது. கட்டும்போது யாரும் கற்பனை செய்யாத ஒரு பணிக்கு நாற்பது ஆண்டு கழித்து அது பயன்பட்டது. மலைச் சைக்கிளின் முதல் ரிம் பலத்தின் பக்கம் முழுதாகச் சாய்ந்த ரிம். பின்னால் வந்த வரலாறு முழுவதும், எவ்வளவு பலத்தை எங்கே எப்படி இறக்கி வைப்பது என்ற தேடல்தான்.

1977-ல் ஜோ பிரீஸ் புதிதாகவே ஒரு சைக்கிள் சட்டம் கட்டினார். பிரீஸர் என்ற அந்தச் சைக்கிள் வரிசையின் முதல் வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டம் இளைத்தாலும் வண்டி சட்டென்று இளைக்கவில்லை. சுற்றும் எடை அப்படியே இருந்தது. 1970-களின் கடைசியில் ஜப்பானின் அராயா, உக்காய் நிறுவனங்களின் 26 அங்குல அலுமினிய ரிம்கள் கைக்குக் கிடைத்தபோதுதான் நிலைமை மாறியது. பிஎம்எக்ஸ் எனும் சிறுவர் பந்தயச் சைக்கிளின் ரிம் வழியில் வந்தவை அவை. அகலமானவை, பலூன் டயரைத் தாங்கும், ஈரத்திலும் பிரேக் பிடிக்கும். மலைச் சைக்கிள் மலையிலிருந்து இறங்குவதற்கு மட்டும் என்றிருந்தது போய், ஏறுவதற்கும் ஆனது. கியர்களும் டெரெயிலரும் வாங்கும் புகழில் ஒரு பங்கு இந்த ரிம்களுக்கும் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்குப் பின் எடைக் குறைப்பு வேகம் பிடித்தது. 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் கீத் போன்ட்ரேகர், மாவிக்கின் சாலை ரிம்களை வாங்கி, அறுத்து, 26 அங்குல வட்டத்துக்குச் சுருட்டி, மறுபடி இணைத்தார். அப்போது கிடைத்த எந்த மலை ரிம்மைவிடவும் அவை மெலிதாக இருந்தும் நின்றன. பலம், லேசு, மலிவு மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் கேட்க முடியும் என்ற புகழ்பெற்ற சொல்லை அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். அவருடைய ரிம் நின்றதற்குக் காரணம் அதன் குறுக்குவெட்டு. ஒற்றைத் தகடாக வளைக்காமல், இரண்டு சுவர் வைத்துக் குழாய்போலச் செய்த ரிம், அதே உலோகத்தை நடுவிலிருந்து தள்ளி ஓரங்களில் வைக்கிறது. வளைவுக்கு எதிராக நிற்பது உலோகத்தின் அளவைவிட, அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1990-களில் இது அளவு மீறியது. கிராஸ் கன்ட்ரி பந்தயத்தின் செல்வாக்கு எல்லாரையும் ஒடுங்கிய ரிம் பக்கம் இழுத்தது. மாவிக்கின் எக்ஸ் 517-ன் உள் அகலம் வெறும் 17 மில்லிமீட்டர். அதன் மேல் 50 மில்லிமீட்டர் டயரை மாட்டினால் கீழே குறுகி மேலே உப்பி, திருப்பத்தில் பக்கவாட்டில் நெளியும். அதைத் தடுக்க 40 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை ஏற்றினார்கள். கல்லான டயர் வேரிலும் பாறையிலும் துள்ளியது. பிடிப்பு போனது, உடம்பு குலுங்கியது. இத்தனைக்கும் மேலாக அந்த ரிம் பிரேக்கின் தேய்ப்புப் பலகையாகவும் வேலை செய்தது. சேறும் மணலும் ரப்பர்க் கட்டையில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு இறக்கத்திலும் ரிம்மின் பக்கச் சுவரை அரைத்து எடுக்கும். சுவரில் விரலை வைத்துத் தடவினால் குழி தெரியும் அளவுக்குத் தேயும். கடைசியில் ஒரு நாள் டயரின் காற்றழுத்தமே சுவரைப் பிளந்து வெளியே தள்ளும். ஒரு புறம் மெலிதாக்கிக்கொண்டே மறுபுறம் அரைத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்று ரிம் உடைந்தவர்கள் எல்லாரும் மோசமாக ஓட்டியவர்கள் அல்லர்.

டிஸ்க் பிரேக் வந்து இந்தக் கொடுமையை முடித்துவைத்தது. 1990-களின் பிற்பாதியில் பரவத் தொடங்கி, சில ஆண்டுகளில் மலைச் சைக்கிளில் நிலைபெற்றது. பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் சக்தியைச் சொல்வார்கள். எனக்கு அது ரிம்முக்குச் செய்த உபகாரம் பெரிதாகத் தெரிகிறது. பிரேக் பிடிக்கும் பக்கச் சுவர் தட்டையாகவோ இணையாகவோ தடித்தோ இருக்கத் தேவையில்லை என்றானது. கோட்டம் இரண்டு மில்லிமீட்டர் போனாலும் வண்டி ஓடும். வெப்பம் ரிம்முக்கு வராது என்பதால் கார்பனுக்கும் கதவு திறந்தது. இலவசமாக ஒன்றும் வரவில்லை: நிறுத்தும் முறுக்கம் இப்போது ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாக ரிம்முக்குப் போகிறது. அதனால்தான் டிஸ்க் சக்கரத்தில் நேர்கம்பிப் பின்னல் கூடாது. ஸ்டார்லியின் 1874 சாய்வுப் பின்னல்தான் வேண்டும். டிஸ்க் ஒரு பக்கத்தில் இடம் பிடித்ததால் முன்சக்கரத்திலும் இரு பக்கக் கம்பிகளின் இழுவை சமமில்லாமல் போனது. கம்பி ஓட்டைகளை நடுவிலிருந்து சற்றுத் தள்ளித் துளைத்த ரிம்கள் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகின்றன. வாங்கும்போது விசாரிக்க வேண்டிய ஒன்று இது. ஒரு கிராம் கூட்டாமல் சக்கரத்துக்குப் பலம் தரும் ஏற்பாடுகள் அரிது; இது அவற்றில் ஒன்று.

1999-ல் மாவிக், ஹட்சின்சன், மிஷலின் மூவரும் சேர்ந்து ட்யூப்லெஸ் முறையை மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டான் கோசியாடெக், சாதாரண ரிம்மிலும் டேப்பும் சீலண்ட் திரவமும் வைத்து அதைச் செய்யும் வழியைக் கடைக்குக் கொண்டுவந்தார். ட்யூப் போனதும் ரிம்முக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும் பாம்புக்கடிப் பஞ்சரும் போனது. காற்றைக் குறைக்கலாம் என்றானது. குறைந்த காற்றில் டயர் நெளியாமல் இருக்க அகலமான ரிம் தேவைப்பட்டது. 17 மில்லிமீட்டர் 21 ஆகி, 25 ஆகி, 2014-ல் ஐபிஸ் நிறுவனம் 35 மில்லிமீட்டர் உள் அகலத்தில் கார்பன் ரிம் விற்றபோது ஊசல் மறுகோடிக்குப் போயிருந்தது. இன்று பெரும்பாலோர் 30 மில்லிமீட்டரில் வந்து நிற்கிறார்கள். 2.4 அங்குல டயருக்கு அது பொருத்தமான அளவு. இதில் நாகரிகம் மட்டும் வேலை செய்யவில்லை. எல்லா வகையான பாதையிலும் பலர் ஓட்டிப் பார்த்து ஒதுங்கிய இடம் அது.

ஆனால் இங்கேதான் பழைய கடன் திரும்பி வந்தது. 40 பிஎஸ்ஐயில் ஓடிய டயர் 22 பிஎஸ்ஐயில் ஓடும்போது, பாறை விளிம்பு டயரைத் தாண்டி ரிம்மைத் தொடும் வாய்ப்பு கூடுகிறது. முன்பு ட்யூப் கிழிந்து எச்சரிக்கும்; ஓட்டுபவர் அடுத்த முறை காற்றைக் கூட்டுவார். இப்போது அந்த எச்சரிக்கை இல்லை. ரிம்மின் உதடு நேராக அடி வாங்குகிறது. டன்லப் ரிம்மிடமிருந்து இறக்கி வைத்த சுமையில் ஒரு பகுதியை நாமே மறுபடி அதன் தலையில் ஏற்றியிருக்கிறோம். இதைச் செய்துவிட்டு, ரிம்மை மட்டும் இன்னும் மெலிதாகக் கேட்பது நியாயமில்லை. நல்ல நிறுவனங்கள் இதைப் புரிந்துகொண்டு உதட்டின் விளிம்பைத் தடிப்பாக்கின. அடி ஒரு கூர்மையில் குவியாமல் பரவ வழி செய்தன. டயருக்குள் நுரை வளையம் வைக்கும் பழக்கமும் இதற்குப் பிறகு வந்ததே. 29 அங்குலச் சக்கரத்துக்கு மாறியதும் கணக்கில் சேரும். டயர் அமரும் விட்டம் 559-லிருந்து 622 மில்லிமீட்டராக வளர்ந்திருக்கிறது. அதே குறுக்குவெட்டுள்ள ரிம் ஏறக்குறைய 11 சதவீதம் கூடுதல் எடையாகவும், பக்கவாட்டில் முன்னைவிட இளக்கமாகவும் இருக்கும். 26 அங்குல நாட்களின் எடையை 29-ல் எதிர்பார்க்கிறவர், பலத்தில் இரண்டு தடவை விட்டுக்கொடுக்கிறார்.

2014-ல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பை இறக்கப் பந்தயத்தில் பந்தய வீரர் ஏரன் க்வினின் பின் டயர் பாதையின் மேற்பகுதியிலேயே காற்றை இழந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. டயர் கழன்று போக, வெறும் அலுமினிய ரிம்மிலேயே பாறைகளின் மேல் கடைசிவரை ஓட்டிக் கீழே வந்து சேர்ந்தார். அது கார்பனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற விவாதம் அன்றே கிளம்பியது. விவாதத்துக்கு இன்றும் முடிவில்லை. உலகக் கோப்பையில் இரண்டு பொருளும் ஓடுகின்றன, இரண்டும் வெல்கின்றன. அந்த ஓட்டம் காட்டிய ஒரு பண்பு மட்டும் மறுக்க முடியாதது. அலுமினியம் தன் எல்லையை மீறும்போது வளைகிறது, சொட்டை விழுகிறது. ஆனாலும் சக்கரமாகவே இருக்கிறது. கார்பன் அதிக அடியை அடையாளமே இல்லாமல் தாங்கிக்கொள்ளும். எல்லை மீறினால் பிளக்கும்.

கார்பனைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. 2007 வாக்கில் தொடங்கிய கார்பன் ரிம்கள் முதலில் கண்மூடித்தனமான விறைப்பையே பெருமையாகச் சொல்லின. பாறைப் பாதையில் கை மரத்துப்போகும். பிறகு தொழிலே தன்னைத் திருத்திக்கொண்டது. சான்டா குரூஸ் நிறுவனம் தன் ரிம்களுக்கு வாழ்நாள் உத்தரவாதம் கொடுத்தது. 2019-ல் ஜிப் நிறுவனம் மோட்டார் சைக்கிள் ரிம்மைப் பார்த்து, வேண்டுமென்றே ஒற்றைச் சுவரில் தட்டையாக ஒரு கார்பன் ரிம் செய்து, அதைப் பாதைக்கேற்ப அசைய விட்டது. மேயர் காலத்திலிருந்து விறைப்பைத் தேடி வந்த சக்கரம், போதும் என்று நின்று திரும்பிய இடம் அது. வசதி இருந்து, உத்தரவாதத்தைத் தட்டிக்கழிக்காத நிறுவனமும் கிடைத்தால் கார்பன் நல்ல தேர்வு. ஆனால் சொட்டை விழுந்த அலுமினிய உதட்டை மரக்கட்டையும் இடுக்கியும் வைத்து ஓரளவு நிமிர்த்தி, அடுத்த வாரமே ஓட்டலாம். பிளந்த கார்பன் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். அதை உருக்கி மறுபடி ரிம் ஆக்க வழியில்லை. உழைத்த பணத்தில் ஒரே ஜோடிச் சக்கரம் வைத்திருப்பவருக்கு நான் தயங்காமல் அலுமினியத்தையே சொல்வேன்.

எடை குறைந்தால் உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 90 கிலோ. ரிம்முக்கு 100 கிராம் வீதம் இரண்டு ரிம்மில் 200 கிராம் குறைத்தாயிற்று. மொத்தத்தில் இது 0.2 சதவீதம்தான். அரை மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில், அதே உழைப்புக்கு, சுமார் நான்கு விநாடி மிச்சம். ரிம் எடை இரண்டு மடங்காகக் கணக்காகும் என்று பலர் சொல்வது வேகம் கூட்டும் நேரத்துக்கு மட்டும் பொருந்தும். ஓடவும் வேண்டும், சுற்றவும் வேண்டும் என்பதால் விளிம்பில் உள்ள எடைக்கு அப்போது இரட்டைச் சக்தி வேண்டும். நிதானமாக ஏறும்போது அது வெறும் எடைதான். நெருக்கமான திருப்பங்களில் நின்று நின்று மிதிக்கும் பாதையிலும், கைப்பிடியைத் திருப்பும் லேசிலும் வித்தியாசம் நிச்சயம் தெரியும். அந்த இன்பம் பொய்யில்லை. பந்தயக்காரருக்கு நான்கு விநாடியும் பெரிது. மற்றவர்கள் அந்த நான்கு விநாடிக்காக, ஊருக்கு வெகு தொலைவில் சக்கரம் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தோளில் தூக்கி நடக்கும் அபாயத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

இரு சக்கரங்களுக்கும் ஒரே ரிம் என்ற பழக்கத்தையும் கேள்வி கேட்க வேண்டும். உட்கார்ந்து ஓட்டும்போது பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது. முன்சக்கரத்தைக் கையால் தூக்கிக் கல்லைத் தாண்டவைக்கலாம். பின்சக்கரம் பின்னாலேயே வந்து மோதும். பழைய ஆங்கிலச் சைக்கிள்கள் இதை அறிந்திருந்தன: முன்னால் 32 கம்பி, பின்னால் 40. அவற்றின் வழிவந்த நம் ஊர் எஃகு ரிம் சைக்கிள்களில், பால் கேனும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போன வண்டிகளில், அந்தக் கணக்கை இன்றும் எண்ணிப் பார்க்கலாம். ஜோடியாக விற்பது வசதி என்று ஆனபோது மலைச் சைக்கிள் அந்த அறிவைக் கைவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் கிராங்க்பிரதர்ஸ் போன்ற நிறுவனங்கள் முன்னால் அகலமாகவும் இளக்கமாகவும், பின்னால் ஒடுக்கமாகவும் விறைப்பாகவும் தனித்தனி ரிம் செய்து அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் அதற்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு அலுமினிய ரிம்களை எடுத்து, முன்னால் 500 கிராம் வகையையும் பின்னால் 600 கிராம் வகையையும் கட்டச் சொல்லலாம். கம்பியை 32-லிருந்து 28 ஆக்கினால் மிச்சமாவது முப்பது கிராம்கூட இல்லை; பின்சக்கரத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கலாம். கம்பிக்கு அதிகபட்சம் எவ்வளவு இழுவை தாங்கும் என்பதைச் சிலர் ஏற்கெனவே அச்சிடுகிறார்கள். ஓட்டுபவர் எடை வரம்பையும் சிலர் தருகிறார்கள். அவற்றோடு, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே சோதனையில், இன்ன டயரில் இன்ன காற்றழுத்தத்தில், எத்தனை ஜூல் அடிக்கு ரிம்மின் உதடு வளைந்தது அல்லது பிளந்தது என்ற எண்ணையும் எடைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். சோதனைக் கருவி இல்லாத நிறுவனம் இன்று அநேகமாக இல்லை. ஒப்புக்கொள்ள மனம்தான் வேண்டும். அதுவரை வாங்குகிறவர் கடையில் நின்று தன் எடையையும், பாதையையும், டயர் அகலத்தையும், ஓட்டும் காற்றழுத்தத்தையும் முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ரிம்மைக் காட்டச் சொல்லட்டும்.